வாடிக்கையாளர் வேடமும் சாட்சியமும்

கடையொன்றில் பொருள் வாங்க வந்தவர்போல் நுழைந்து, அங்குள்ள சிப்பந்திகள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதை அவர்கள் அறியாமலே கவனித்து, வெளியே வந்ததும் அதனை எழுதியனுப்பிக் கூலி பெறுவது மார்க்கத்தில் ஆகுமா? அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கருகே வாழும் ஒரு பெண்மணி சில மாதங்களுக்கு முன் இக்கேள்வியை எனக்கு எழுதியிருந்தார். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் மகள் அவர். சிறுமியாயிருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையிலமர்ந்து அம்ம ஜுஸ்உ ஓதியவர். இப்போது கைக்குழந்தையோடு வீட்டிலிருப்பவர். "ஹஜ்ரத், ஹலாலா ஹராமா என்று ஒரே சொல்லில் எழுதிவிடுங்கள், போதும்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

ஒரே சொல்லில் எழுத எனக்கு இயலவில்லை. கிதாபுகளைப் புரட்டினேன், அவரிடமே பல விவரங்களைக் கேட்டறிந்தேன், இங்கே எழுதுவதற்கு அவருடைய இசைவையும் பெற்றேன். இத்தகைய வேலை இன்று இலண்டனிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் நடைபெறுகிறது. நம் பிள்ளைகள் பரவிக் கிடக்கும் ஊர்களே அவை. ஆகவே ஒருவருக்கு எழுதிய விடை பலருக்கும் பயன்படக்கூடும்.

இத்தொழில் செய்பவரை அந்நாட்டில் 'மிஸ்டரி ஷாப்பர்' என்பர். மறைவு வாடிக்கையாளர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இது புதிதன்று. 1850களில் ஆலன் பிங்கர்ட்டன் என்பவர் சிக்காகோவில் நிறுவிய துப்பறியும் நிலையத்தின் ஆட்கள், இரயில் வண்டிகளில் சாதாரணப் பயணிகளைப்போல் அமர்ந்து, கட்டணப் பணத்தைக் கண்டக்டர்கள் தம் பையில் போட்டுக்கொள்கிறார்களா என்று பார்த்துவந்தனர். 1940களில் வில்மார்க் என்னும் நிறுவனம் இம்முறையைக் கடைகளில் பரப்பியது. 'மிஸ்டரி ஷாப்பிங்' என்ற பெயரும் அதன் வழியாகவே வந்ததென்பர். திருடனைப் பிடிப்பதற்கென்று தோன்றிய முறை, நாளடைவில், சிப்பந்தி புன்னகை செய்தாரா என்று பார்க்கும் முறையாகிவிட்டது. இந்த மாற்றத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

புதிதாகச் சேருபவரைக் கடைக்காரர் நேரே அழைப்பதில்லை. இடையில் ஒரு நிறுவனம் இருக்கும். அதில் பெயரைப் பதிந்துகொண்டால், இன்ன நாளில் இன்ன கடைக்குச் செல்க, இன்னதை வாங்குக என்று பணி வரும். மாதச் சம்பளம் கிடையாது. அந்நிறுவனத்தின் ஊழியர் என்ற தகுதியும் கிடையாது. ஒவ்வொரு பணியும் தனித்தனி ஒப்பந்தம். வாங்கிய பொருளின் விலை ஒரு வரம்புவரை திருப்பித் தரப்படும். அதற்குமேல் ஒரு சிறு தொகை கூலியாகக் கிடைக்கும். உணவு விடுதியானால் சில வேளைகளில் உண்ட சாப்பாடுதான் கூலி. கடைக்குள் நுழைந்த நேரம், எத்தனை நிமிடத்தில் வரவேற்றார்கள், நெஞ்சிலணிந்த அட்டையில் இருந்த பெயர், தலைமுடியின் நிறம், நன்றி சொன்னாரா, கழிவறை துப்புரவாக இருந்ததா என்று நீண்டதொரு வினாப்பட்டியலுக்கு அன்றோ மறுநாளோ விடை எழுதி, ரசீதின் படத்தோடு அனுப்ப வேண்டும். "குறிப்பெடுப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அதனால் கழிவறைக்குள் போய்க் கைப்பேசியில் எழுதிக்கொண்டு வருவேன்" என்று அப்பெண்மணி எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பத்தியைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

அவருடைய மூன்றாவது பணி ஒரு துணிக்கடையில். கல்லாவில் நின்ற இளம்பெண் முகத்தில் புன்னகை இருந்ததா என்பது ஒரு வினா. இல்லை, ஆகவே 'இல்லை' என்று எழுதினார். கண்ணைப் பார்த்துப் பேசினாரா? அதற்கும் 'இல்லை'. ஐந்தாறு வாரங்களுக்குப்பின் தம் சொந்தத் தேவைக்காக அதே கடைக்குப் போனபோது அந்தப் பெண் அங்கில்லை, வேறொருவர் நின்றார். அவள் நீக்கப்பட்டாளா, தானாக விலகினாளா, அன்று விடுமுறையா என்பது தெரியாது. கேட்கவும் வழியில்லை, என்னவென்று கேட்பது? "அன்று அவளுக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது, மற்றக் கல்லாக்கள் மூடிக் கிடந்தன என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது, ஹஜ்ரத். வினாப்பட்டியலில் அதைக் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை."

ஹலாலா ஹராமா என்று அவர் கேட்டது உண்மையில் கூலியைப் பற்றி மட்டுமன்று என்று எனக்குப் பட்டது.

முதலில் எல்லாருக்கும் தோன்றும் ஐயத்தை எடுத்துக்கொள்வோம். இது தஜஸ்ஸுஸ் அல்லவா? பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் தடுக்கிறது. தீய எண்ணத்தையும் புறம் பேசுதலையும் அதனோடு சேர்த்தே தடுக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே பார்த்து, அங்கே பாவம் செய்துகொண்டிருந்த மனிதரைக் கண்டித்ததையும், அம்மனிதர், 'நான் செய்தது ஒன்று. துருவியது, வாசல் வழியே வராதது, ஸலாம் சொல்லாதது என்று தாங்கள் செய்தது மூன்று' என்ற கருத்தில் விடையிறுத்ததையும் நம்மில் பலர் கேட்டிருப்போம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், தீமையைத் தடுக்கப் புகுபவருக்கு அத்தீமை துருவாமலே வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனையிடும் இடத்தில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் வீடு வேறு, கடைவீதி வேறு. வீடு திரையிடப்பட்டது, கடை திறந்து வைக்கப்பட்டது. கடையில் நிற்கும் சிப்பந்தி அந்த நேரத்தில் தமக்காக நிற்கவில்லை. முதலாளிக்காக, கூலி பெற்று நிற்கிறார். அவருடைய அந்த நேரமும் அந்த வேலையும் அமானிதம். அமானிதம் ஒழுங்காகப் பேணப்படுகிறதா என்று அதை ஒப்படைத்தவர் பார்ப்பது அந்தரங்கத்தைக் குடைவது ஆகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். ஆயினும், அந்தக் கை எல்லாரும் காண நீட்டப்பட்ட கை.

காணாத கைக்கு முன்மாதிரி உண்டா? உண்டு. அது ஸ்பெயினில், முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூஸில் இருக்கிறது. அந்நாட்டின் வரலாற்றையும் இலக்கியத்தையும் திரட்டி 'நஃப்ஹுத் தீப்' என்னும் பெருநூலை எழுதிய அல்மக்கரீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1632), அங்கிருந்த முஹ்தஸிப் என்னும் கடைவீதி அதிகாரி எப்படிப் பணியாற்றினார் என்பதை விவரிக்கிறார். அதிகாரி தம் உதவியாளர்களோடு குதிரையில் கடைவீதியைச் சுற்றிவருவார். தராசும் கூடவே வரும். ரொட்டிக்கு நிர்ணயித்த எடை உண்டு. இறைச்சிக்கு விலை எழுதிய சீட்டு உண்டு. இவ்வளவும் வெளிப்படை. ஆனால் அவர் சில வேளைகளில் ஒரு சிறுவனையோ ஒரு பணிப்பெண்ணையோ மறைவாக அனுப்பிப் பொருள் வாங்கி வரச் செய்வார். வாங்கி வந்ததைத் தராசிலிடுவார். குறைந்தால், சிறுவனிடமே இப்படியென்றால் மற்றவர்களிடம் எப்படி என்று அளந்துகொள்வார். தண்டனையும் கடுமையாகவே இருந்தது. அடியுண்டு, கடைவீதிகளில் காட்டி அவமானப்படுத்துவதுண்டு, திருந்தாவிட்டால் ஊரைவிட்டே விலக்குவதுண்டு.

இதனை நான் முதன்முறை படித்தபோது வியந்தேன். சிக்காகோப் பெண்மணி செய்யும் வேலையின் மூதாதை அந்தச் சிறுவன். ஆகவே வேடம் என்ற ஒன்றை மட்டும் காட்டி இவ்வேலையை ஹராம் என்று தள்ள எனக்குத் துணிவில்லை.

ஆனால் அச்சிறுவனைக் கொஞ்சம் உற்று நோக்குங்கள். அவன் பொய் சொல்லவில்லை. ரொட்டி கேட்டான், காசு கொடுத்தான், வாங்கினான். தான் யார் அனுப்பி வந்தவன் என்பதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சொல்லாமலிருப்பது வேறு, மாற்றிச் சொல்வது வேறு. தேவையுள்ள இடத்தில் பொய்யின் பக்கம் போகாமல் சொல்லை மறைத்து ஆள்வதை அறிஞர்கள் மஆரீள் என்பர். தேவையில்லாத இடத்தில் அதனையும் அவர்கள் விரும்பவில்லை. எகிப்தில் யூஸுஃப் (அலை) அவர்கள் தம் சகோதரர்களுக்கு முன் தாம் யாரென்று சொல்லாமலிருந்து அவர்களைச் சோதித்த வரலாறு நாம் அறிந்ததே.

மறைவு வாடிக்கையாளருக்கு வரும் பணிகளில் பல அந்தச் சிறுவனின் வேலையைப் போன்றவை. உண்மையாகவே பொருள் வாங்கப்படுகிறது; உண்மையான பணம் கைமாறுகிறது. வாங்குபவர் மனத்தில் வேறொரு நோக்கமும் இருந்தது என்பதால் வியாபாரம் செல்லாததாகிவிடாது. நம் ஷாஃபிஈ மத்ஹபில் உடன்படிக்கைகளுக்கு வெளிச்சொல்லே கணக்கு. வாங்கும் எண்ணமில்லாமலே விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை ஏமாற்றும் நஜ்ஷோடு இதனைச் சிலர் ஒப்பிடுவர். நஜ்ஷில் மூன்றாமவர் ஒருவர் நட்டமடைகிறார்; இங்கே ரொட்டி வாங்கியதால் யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் வரும் இடம் வேறு. கார் விற்பனை நிலையத்துக்கோ, வாடகைக் குடியிருப்புக்கோ, நகைக்கடைக்கோ அனுப்பப்படுபவர் எதையும் வாங்கப் போவதில்லை. அவருக்குக் கற்பனையான ஒரு கதை கொடுக்கப்படுகிறது: மணமாகப் போகிறது, அடுத்த மாதம் இந்த ஊருக்குக் குடிவருகிறோம் என்பதுபோல. அதை அவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். அது மஆரீள் அன்று, பொய். அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. இத்தகைய இடங்களில் விற்பவர்களில் பலர் தரகுத் தொகையை நம்பியிருப்பவர்கள். ஒன்றரை மணி நேரம் இவரோடு நடந்து, கதவு திறந்து காட்டி, கணக்குப் போட்டுக் கொடுத்த அந்த மனிதருக்கு அன்று அதிலிருந்து ஒரு காசு கிடையாது. பார்த்தவருக்குக் கூலி உண்டு, பார்க்கப்பட்டவருக்கு இல்லை. சிப்பந்தியின் நேரத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்வதை எந்தப் பெயரிட்டு அழைப்பதென்று வாசகர்களே யோசிக்கட்டும். நான் அப்பெண்மணிக்கு, இவ்வகைப் பணிகளை ஏற்க வேண்டாமென்றே எழுதினேன். மது வாங்கிப் பார்க்கச் சொல்லும் பணிகளைப் பற்றி எழுத வேண்டிய தேவை ஏற்படவில்லை, அவரே தவிர்த்திருந்தார்.

இப்படி எழுதும்போதே, கற்பனைக் கதை சொல்லியேனும் உண்மையை வெளிக்கொணர வேண்டிய இடங்கள் இருப்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவில் நிறத்தைக் காட்டி வீடு மறுப்பதை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சட்டம் வந்தபின் யாரும் வெளிப்படையாக மறுக்கவில்லை, 'காலியில்லை' என்றார்கள். அதனால் ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும் தனித்தனியே ஒரே இடத்துக்கு அனுப்பிப் பார்க்கும் வழக்கம் தோன்றியது. வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகருக்கருகே கறுப்பினப் பெண்மணிக்கு வீடில்லை என்றும், வெள்ளையருக்கு உண்டென்றும் சொன்ன வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம்வரை சென்றது. குடியேறும் எண்ணமின்றிச் சோதிக்க வந்தவரேயானாலும், பொய்த் தகவல் பெற்றதே அந்தக் கறுப்பினப் பெண்மணிக்கு இழைத்த தீங்கு. அவர் வழக்குத் தொடரலாம் என்று 1982இல் தீர்ப்பாயிற்று. அநீதியை வெளிப்படுத்த வேறு வழியே இல்லாத இடத்தில் இத்தகைய கதைக்கு இடமுண்டென்பதே என் எண்ணம். நல்ல நோக்கமொன்று பொய்யின்றிக் கைகூடாதபோது அதற்கு நெகிழ்வு உண்டென்ற கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் விளக்கம் இதற்குப் பொருந்தும்.

எதிர்நிலையில் ஒன்று. 2011இல் அந்நாட்டு அரசே, மருத்துவர்களின் அலுவலகங்களுக்குப் போலி நோயாளிகளாகத் தொலைபேசியில் பேசி, அரசுக் காப்பீடு உள்ள ஏழைகளுக்கும் தனியார் காப்பீடு உள்ளவர்களுக்கும் ஒரே மாதிரி நேரம் ஒதுக்குகிறார்களா என்று பார்க்கத் திட்டமிட்டது. மருத்துவர்கள் வெகுண்டனர், அரசாங்கம் எங்களை ஒற்றறிவதா என்றனர். சில நாட்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. மருத்துவருக்குக் குரல் இருந்தது. கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் குரல் இல்லை.

இனி முடிச்சுக்கு வருகிறேன். அந்தலூஸ் சிறுவன் எதையும் எழுதவில்லை. ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தான், தராசு பேசியது. வியாபாரி மறுத்தால் மீண்டும் நிறுத்துக் காட்டலாம். சிக்காகோப் பெண்மணியிடம் தராசு இல்லை. அவரே தராசு. புன்னகையை எத்தனை பலமென்று நிறுப்பது? அவர் எழுதுவது சரக்கின் அளவன்று. ஒரு மனிதரைக் குறித்த சாட்சியம். சாட்சியத்துக்கு மார்க்கம் விதித்த நிபந்தனைகளை நாம் அறிவோம்: கண்டதையே சொல்ல வேண்டும், அறியாததைச் சொல்லக் கூடாது, நீதியுடையவராயிருக்க வேண்டும். யாருக்கு எதிராகச் சாட்சியம் சொல்லப்படுகிறதோ அவருக்கு அதை மறுத்துரைக்க இடமும் வேண்டும். இவ்வேலையில் கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் இல்லை. எழுதியவர் யாரென்று சிப்பந்திக்குத் தெரியாது. எழுதப்பட்டவருக்கு என்ன நேர்ந்ததென்று எழுதியவருக்கும் தெரியாது. சில கடைகளில் ஊழியரின் ஊக்கத்தொகையே இந்த அறிக்கையின் மதிப்பெண்ணைப் பொறுத்திருக்கிறதாம். இப்படிப்பட்ட சோதனை நடக்கும் என்பதை ஊழியர்களுக்கு முன்னரே அறிவித்துவிட வேண்டுமென்று எஸோமார் என்னும் சந்தை ஆய்வாளர் சங்கம் வழிகாட்டியிருப்பதாக அறிகிறேன். அது நல்ல வழிகாட்டல். சொல்லி வைத்துச் சோதிப்பது முஹ்தஸிபின் தராசைக் காண்பதுபோல.

கடைக்குப் போகாமலே வீட்டிலிருந்து அறிக்கை எழுதிவிடுபவர்களும் இத்தொழிலில் உண்டென்று அவர் எழுதியிருந்தார். அதற்குத் தனியே விளக்கம் வேண்டியதில்லை. ஒரு குலத்தாரிடம் ஜகாத் வாங்கிவர அனுப்பப்பட்ட ஒருவர், தம்மை வரவேற்கத் திரண்டு வந்த கூட்டத்தைக் கண்டு அஞ்சிப் பாதி வழியிலேயே திரும்பி, அவர்கள் தர மறுத்ததாகச் சொன்னார் என்றும், அதையொட்டியே செய்தியை விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இறங்கியதென்றும் தஃப்ஸீர்களில் பரவலாகக் காண்கிறோம். ஓர் அறிக்கையினால் ஒரு குலமே அழிய இருந்தது.

ஆனால் போய், கண்டு, கண்டதை மட்டும் எழுதியவரின் கதை அவ்வளவு எளிதன்று. இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு மத்ரஸாவின் நிர்வாகத்தினர், யாரென்று எனக்குத் தெரியாத ஒருவரை விருந்தாளிபோல் என் வகுப்பில் வந்தமரச் செய்தனர். மரியாதையாகத்தான் இருந்தார், தேநீர்கூட வரவழைத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து என்னை அழைத்து, ஆசிரியர் திண்டில் சாய்ந்துகொண்டு பாடம் நடத்தினார், இருமுறை கண்ணை மூடினார் என்று படித்துக் காட்டினார்கள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. எனக்கு அன்று மூன்றாம் நாள் காய்ச்சல்; தேர்வு நெருங்கிவிட்டதால் விடுப்பெடுக்கவில்லை என்பது மட்டும் அதில் இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் ஒரு விருந்தாளியிடம் என் காய்ச்சலைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை இன்றும் நினைத்தால் கசக்கிறது. மெய்யான சொற்களைக் கொண்டே மெய்யல்லாத சாட்சியம் ஒன்றைக் கட்டிவிடலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். துணிக்கடைப் பெண்ணைப் பற்றிய கடிதம் வந்தபோது நான் உடனே விடையெழுத முடியாமற்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பணி முடிந்து அறிக்கை ஏற்கப்பட்டால்தான் கூலி என்பது, ஷாஃபிஈ நூல்களில் வரும் ஜுஆலாவைப் போன்றது. அரசரின் குவளையைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை என்று யூஸுஃப் அத்தியாயம் கூறுவதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவர். ஹனஃபி மத்ஹபினர் வேலையையும் கூலியையும் முன்னரே திட்டமாகப் பேசிக்கொள்ளட்டும். பல வாரங்கள் கழித்தே பணம் வருமென்று முதலிலேயே சொல்லியிருந்தால் அதில் குறையில்லை. சொல்லாமல் இழுத்தடித்தால், உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரைக்கு அது மாறானது.

புதியவர்கள் அஞ்ச வேண்டியது வேறொரு கூட்டத்தை. வேலைக்கு மனுச் செய்யாமலே, பெருந்தொகைக்கு ஒரு காசோலை வீடு தேடி வரும். இதை வங்கியிலிட்டு, உமது கூலியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பணம் அனுப்பும் நிலையம் வழியே அனுப்பி அந்நிலையத்தின் சேவையை எடைபோடுக, அல்லது பரிசு அட்டைகளாக வாங்கி அவற்றின் எண்களைத் தெரிவிக்க என்பார்கள். வங்கி ஓரிரு நாளில் பணத்தை எடுக்க விட்டுவிடும். காசோலை போலியென்பது தெரியவரச் சில வாரங்கள்கூட ஆகும். அதற்குள் அனுப்பிய பணம் போயிருக்கும். வங்கிக்கு ஈடுகட்ட வேண்டியவர் கணக்குக்குரியவர். இதனைக் குறித்து அந்நாட்டு வாணிப ஆணையம் மக்களைத் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. வேலைக்குச் சேரப் பணம் கேட்பவரும், வேலைக்கு முன் பணம் அனுப்புபவரும் இத்தொழிலின் நேர்மையான ஆட்கள் அல்லர்.

அப்பெண்மணிக்கு நான் எழுதியது இதுதான்: விலைச்சீட்டு சரியாக இருந்ததா, காலாவதியான பால் அடுக்கில் இருந்ததா, நிறுவை ஒழுங்கா, ரசீது கொடுத்தார்களா என்று பார்க்கும் பணிகள் ஆகும், அவற்றில் நீங்கள் அந்தலூஸ் சிறுவனின் இடத்தில் இருக்கிறீர்கள். ஒரு மனிதரின் முகத்தைக் குறித்து எழுத வேண்டிய பணியை ஏற்றால், அவரை அந்த முகத்தோடு நிற்க வைத்த சூழ்நிலையையும் கண்டு எழுதாமல் கையெழுத்திடாதீர்கள்; வினாப்பட்டியல் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். துணிக்கடைப் பெண்ணுக்காக துஆச் செய்யுங்கள். அந்தப் பணிக்கு வந்த கூலியை என்ன செய்வதென்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் திகைத்திருப்பேன்.

சென்ற மாதம் விடை வந்தது. பெயரைக் குறித்தெழுதும் பணிகளைக் குறைத்துக்கொண்டாராம், வருவாய் பாதியாகிவிட்டதாம். அண்மையில் ஒரு மருந்துக் கடையில், சிப்பந்தி வாழ்த்திப் பேசினாரா என்ற வினாவுக்கு 'இல்லை' என்று எழுதி, அதன் கீழே, அப்போது வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள், கல்லாவில் அவர் ஒருவரே இருந்தார் என்று ஒரு வாக்கியம் சேர்த்தாராம். வினாவுக்குத் தொடர்பில்லாதது, நீக்கி அனுப்புக என்று அறிக்கை திரும்பி வந்தது. அந்த வாக்கியத்தோடே மீண்டும் அனுப்பியிருக்கிறார். கூலி இன்னும் வரவில்லை.